உன் அம்மா பேசாமல் இருந்த மாதங்கள்

புள்ள,

இன்றைக்கு ராசிபுரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அட்டைகளை அடுக்கி முடித்துத் தார்ப்பாய் போடும் நேரத்தில், மேல் அட்டையில் ஒரு முட்டை கண்ணில் பட்டது. அதன் அகன்ற முனையில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. பண்ணைக்கார அம்மாவிடம் இது என்ன என்று கேட்டேன். எந்தக் கூண்டுக் கோழி முட்டை ஓட்டை மெலிசாகப் போடுகிறது என்று பார்க்க அவர்களே குறித்து வைத்ததாம். கை தவறி லோடில் கலந்துவிட்டது. "இப்படிக் குடுங்கண்ணா, பசங்களுக்கு ஆம்லெட் போட்டுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். லோடு ஏற்றியவர் கீழே நின்று, "என்னங்கண்ணா, வண்டி கெளம்பலீங்களா?" என்றார். வண்டிக்கு ஒன்றும் இல்லை.

நீயும் முட்டையில் பென்சிலில்தான் எழுதுவாய். மை ஓட்டுக்குள் இறங்கிவிடும் என்பாய். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு நம்பர், எந்தக் கோழி, எந்த நாள் என்று. ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை முடிந்து வந்தாலும் உன் ஆள்காட்டி விரலில் பென்சில் கரி இருக்கும். அந்த விரலோடு சோற்றில் கை வைப்பாய், நான் திட்டுவேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் என்று உனக்குத் தெரியும். இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எழுத ஆரம்பித்தால் எங்கெங்கேயோ போவேன். பேசினாலும் அப்படித்தான். "மாமா, சேலத்துக்கு வழி கேட்டா நீங்க சென்னையச் சுத்திக் காட்டிட்டுத்தான் சொல்லுவீங்க" என்பாய். இன்றைக்கும் பொறுத்துக்கொள்.

நம் கல்யாணத்தில் இருந்தே சொல்கிறேன். நீ கால்நடை டாக்டருக்குப் படித்தவள். நான் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டியவன். உன் அத்தை மகன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. உன் அப்பா சாகும்போது என் அம்மாவிடம் வாக்குக் கொடுத்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, நீயாகத்தான் கேட்டாய் என்று சொன்னால் இன்றைக்கும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பந்தியில் ஒரு பெரியப்பன், "ஏம்மா டாக்டரம்மா, இனி லாரிக்கு லோடு ஏத்தச் சொன்னா ஏத்துவியா?" என்று கேட்டார். நீ இலையில் இருந்து தலையைக் கூடத் தூக்காமல், "லோடு ஏத்த மாட்டேனுங்க பெரியப்பா. இவரைத்தான் ஏத்திக்கிட்டுப் போவேன்" என்றாய். பந்தி முழுக்கச் சிரித்தது.

சொன்ன மாதிரியே ஏற்றிக்கொண்டு போனாய். மேல்படிப்புக்கு, ஸ்காட்லாந்து. ஊரில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இங்கிலாந்துக்கு மேலால. மேட்டூருக்கு மேலால தருமபுரி இருக்குதல்ல, அந்த மாதிரி" என்று நான் சொல்லிக்கொடுத்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். ஆனால் அப்படிச் சொன்னதில்தான் உன் அம்மாவுக்கு மனசு ஆறியது. தருமபுரிக்குப் போன பெண் திரும்பி வந்துவிடுவாள்தானே.

அங்கே நான் பஸ் கழுவினேன். அந்த ஊர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்ட விட மாட்டார்கள், கழுவ மட்டும் விடுவார்கள். விடியும்போது நான் ஈரச் சட்டையோடு மாடிப்படி ஏறி வருவேன். நீ டிபன் டப்பாவில் தயிர்சாதத்தை அமுக்கிக்கொண்டிருப்பாய். அந்தக் கால் மணி நேரம்தான் நமக்குக் குடும்பம். அவர்கள் பண்டிகைக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பனியில் கிடந்த அன்றைக்கும் நீ பூட்ஸை மாட்டினாய். "இன்னைக்குமா புள்ள?" என்றேன். "கோழிக்கு லீவு தெரியாதுங்க மாமா. இன்னைக்கும் முட்டை போடும், நான் எடுக்கோணும்" என்றாய்.

உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய கைடம்மாவை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. பனைமர உயரம், குடைக்கம்பி மாதிரி உடம்பு. ஒருநாள் நீ வந்து, உன் கணக்கையெல்லாம் பார்த்துவிட்டு அந்தம்மா, ரொம்பச் சுவாரசியமாக இருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னாய். எனக்குத் தலை கால் புரியவில்லை. ரவை வறுத்து, முந்திரி போட்டுக் கேசரி கிண்டிவிட்டேன். நீ கட்டிலில் கவிழ்ந்து படுத்திருந்தாய்.

"என்ன புள்ள, சந்தோசத்துல படுத்துட்டியா?"

"மாமா, இவங்க சுவாரசியமா இருக்குதுன்னு சொன்னா, இது தப்பு, மறுபடி மொதல்லருந்து செய்யின்னு அர்த்தமுங்க."

"அட, நான் கேசரி செஞ்சுட்டனே."

அப்புறம் தலையணைக்குள் இருந்தே, "செஞ்சது செஞ்சாச்சு. போடுங்க, அதுக்கென்ன" என்றாய். இரண்டு தட்டு தின்றுவிட்டு மறுபடி முதலில் இருந்து கணக்குப் போட உட்கார்ந்தாய்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்மூரில் வெளிநாட்டுப் படிப்பு என்றால் ஏரோப்ளேனும் கோட்டும்தான் என்று நினைக்கிறார்கள். நீ முட்டை பொறுக்கினாய். எச்சம் அள்ளினாய். ஒரு மெஷினில் முட்டையை வைத்து, எவ்வளவு அமுக்கினால் உடைகிறது என்று பார்த்தாய். உள்ளே இருக்கிறதைக் கொட்டிவிட்டு ஓட்டை மட்டும் கழுவிக் காயவைத்தாய். முட்டை விற்றுப் பிழைத்த எனக்கு அதைக் கேட்டு வயிறு எரிந்தது. "ஒரு கிண்ணம் எடுத்துட்டு வந்தா ஒரு வாரத்துக்குக் கொழம்பு ஆகுமே" என்றேன். "அது ஆராய்ச்சி முட்டைங்க மாமா, திங்கக்கூடாது" என்றாய். ஆராய்ச்சி முட்டையிலும் மஞ்சக்கரு மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டதை, உன் ஆபீசில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அதற்குப் பிறகுதான் அந்தக் கைடம்மா என்னைப் பார்க்கவேண்டும் என்றார்.

அப்படித்தான் அந்த அறைக்குள் போனேன். சித்திரை வெயிலில் நம்மூர்க் கோழி ஏன் மெலிசான ஓடு போடுகிறது என்பதுதான் உன் படிப்பு. அதற்காக அவர்கள் ஒரு அறைக்குள் நம்மூர் வெயிலை உண்டாக்கி, அதில் கோழியை வைத்திருந்தார்கள். நீ அங்கே வேலை இருந்த நாளில் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ஊருக்குப் போயிட்டு வந்தேன்" என்பாய். எனக்கு அது விளங்கவே இல்லை. குளித்து, அவர்கள் கொடுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு, உன் பின்னால் இரண்டு கதவு தாண்டி உள்ளே போனதும்தான் விளங்கியது. வெளியே மழையும் பனியுமாக ஊசி குத்துகிறது. உள்ளே நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் மத்தியானம் இறங்கி நின்ற மாதிரி இருக்கிறது. கோழி எச்ச வாடை, தீவன வாடை, முதுகில் வேர்வை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டேன்.

"மாமா, வெளிய வாங்க. கோழி பயப்படுது."

"சித்தெ இரு புள்ள. இன்னொரு சித்தெ."

"அவங்க பாக்கறாங்க மாமா."

"பாக்கட்டும். ஊருக்கு வந்திருக்கறேன்னு சொல்லு."

நீ அதை அவர்கள் பாஷையில் சொன்னாய். அந்தக் கைடம்மா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். அன்றையில் இருந்து எனக்கு அவரைப் பிடிக்கும்.

எங்கேயோ போய்விட்டேன். சொல்லவேண்டியதற்கு வருகிறேன். வராமல் சுற்றுகிறேன் என்று உனக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாம் வருசம் தை மாதத்தில் உன் மார்பில் அந்தக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். பொங்கலுக்குக் குக்கரில் பொங்கல் வைத்து, அந்த வாசம் வீட்டில் இருந்து போகும் முன்னே ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஊசி போடவேண்டும், அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மறுபடி ஊசி என்றார்கள். நீ உன் படிப்புக்கு எழுதிக்கொள்வது மாதிரியே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாய். நான்தான் அங்கே இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன்.

உன் தங்கச்சிக்கு அந்த மாதம்தான் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. நாம் இரண்டு பேரும் சின்னவள் என்றே சொல்லுவோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சின்னவளுக்கு அதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்து, அந்த வீட்டில் யாரோ கீழே விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்கள் என்று, பெண்ணின் ராசி சரியில்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள். அப்புறம் வந்தவர்கள் எல்லாம் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். வந்த வழியே போனார்கள். இப்போதுதான் ஓமலூர்ப் பக்கம் ஒரு நல்ல குடும்பம் சரி என்றது, வைகாசியில் முகூர்த்தம். இந்த நேரத்தில் அக்காளுக்கு இந்த நோவு என்று தெரிந்தால் அவர்கள் என்ன சொல்லுவார்கள் என்று உனக்குத் தெரியும். அவர்களை விடு. உன் அம்மாவுக்குத் தெரிந்தாலே போதும், கல்யாணத்தை அப்படியே போட்டுவிட்டு, விசாவாவது கிசாவாவது என்று திருச்சி ஏர்போர்ட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்.

"கண்ணாலம் முடியட்டும் மாமா. முடிஞ்சதும் நானே அம்மாகிட்டச் சொல்றேன்."

"அத்தைகிட்ட மட்டுமாவது சொல்லிரலாம் புள்ள."

"என்ற அம்மாவுக்கு மறைக்கத் தெரியாது. மூஞ்சியிலயே எழுதி வெச்சிருக்கும்."

நாம் இரண்டு பேரும் அதை நம்பினோம்.

பங்குனிக் கடைசியில் முகூர்த்தப் பட்டு எடுக்கப் போனார்கள். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கடை. அங்கே இருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள் என்று உனக்கு முன்னமே தெரியும். அதற்குள் உன் தலைமுடி எல்லாம் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய சவுரித் தலையை வைத்துக்கொண்டாய். புருவத்துக்கு மை தீட்டினாய், பெரிதாகப் பொட்டு வைத்தாய். என் பக்கம் திரும்பி, "எப்படிங்க மாமா இருக்குது? அம்மா கண்டுபுடிச்சுருமா?" என்றாய். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. "கண்ணாலப் பொண்ணாட்டம் இருக்கறே" என்றேன்.

சின்னவள்தான் முதலில் போனைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு புடவையாக மேலே போட்டுக் காட்டினாள். அப்புறம் கேட்டாள்.

"அக்கா, எப்ப வார? டிக்கெட் போட்டாச்சா?"

"இல்ல கண்ணு. வைவா கிட்ட வருது. கைடு இப்பப் போக வேண்டாங்கறாங்க."

"வைவான்னா?"

"பெரிய பரிச்சை. கேக்கறவங்களுக்கு நாங்க பதில் சொல்லோணும்."

"எனக்கு மொதல்ல பதில் சொல்லு. என்ற கண்ணாலத்துக்கு நீ வரமாட்டியா?"

நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அந்தச் சிரிப்பை எப்படி அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தாய் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உன் அம்மா போனை வாங்கினார். கடை விளக்கில் முகத்தைக் கிட்ட கொண்டுவந்து உன்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். அப்புறம், "கரை பெருசா இருக்கட்டுமா, சின்னதா இருக்கட்டுமா கண்ணு?" என்றார். "பெருசா இருக்கட்டும்மா" என்றாய். "சரி" என்று சொல்லிப் போனைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டார்.

அதுதான் உன் அம்மா உன்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு நீ எப்போது கூப்பிட்டாலும் சின்னவள் எடுப்பாள். அம்மா தோட்டத்துக்குப் போயிருக்கிறது, அம்மா பத்திரிகை வைக்கப் போயிருக்கிறது, அம்மாவுக்குத் தலைவலி. பின்னால் உன் அம்மாவின் குரல் ஆளைக் கூப்பிடுவது எனக்கே கேட்கும். நீ போனை வைத்துவிட்டு, "கோவம். நான் வரலைன்னு கோவம்" என்பாய். "அப்பாகிட்டயே ஆறு மாசம் பேசாம இருந்திருக்குதுங்க மாமா. படிப்பை முடிச்சு நேர்ல போய் நின்னா சரியாப் போயிரும்." ஊசி போட்ட நாள் வாந்தி எடுத்துவிட்டு வந்து, வாயைக் கழுவிக்கொண்டு, கம்ப்யூட்டரைத் திறந்து எழுத உட்காருவாய். நீ பட்டத்துக்காக எழுதுகிறாய் என்று கைடம்மா நினைத்தார். உன் அம்மாவிடம் பேசுவதற்காக எழுதினாய் என்று எனக்கு மட்டும் தெரியும்.

வைகாசி முகூர்த்தத்தன்றைக்கு அங்கே அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டாய். ஆபரேஷன் செய்த பக்கம் கை தூக்க முடியாது, நான்தான் முந்தானையை எடுத்துவிட்டேன். ஒரு கிண்ணத்தில் அரிசி எடுத்து மஞ்சள் தடவி மடியில் வைத்துக்கொண்டாய். போனைப் புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். தாலி கட்டும்போது அங்கே கெட்டிமேளம் கொட்டியது, நீ அரிசியைப் போனின் மேல் போட்டாய். மண்டபத்தில் உன் அம்மாவை ஒரு கணம் காட்டினார்கள். நீ மறுபடி ஒரு கை அரிசி அள்ளினாய். அதற்குள் வேறு யாரையோ காட்டிவிட்டார்கள். அரிசி கையிலேயே இருந்தது.

கல்யாணம் முடிந்தும் அம்மா போனுக்கு வரவில்லை; நேரில் போய்ச் சொல்கிறேன், சின்னவளுக்கு மட்டும் எப்போதும் தெரியக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாய். ஆனியில் உனக்குத் தெம்பு வந்த மாதிரி இருந்தது. எழுதியதில் பாதிக்கு மேல் கைடம்மா சரி என்றுவிட்டார். ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. ஊசியால் உடம்பில் எதிர்க்கிற சக்தி இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு, "அம்மா கூப்டுச்சா?" என்று கேட்டாய். நான், "ஆடி நோம்பி போகட்டும் புள்ள. புதுப் பொண்ணு மாப்ளை வந்திருப்பாங்க, தேங்கா சுடறதுல அத்தைக்கு நேரமிருக்காது. நோம்பி முடிஞ்சதும் கூப்புடுவாங்க" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ சரி என்று கண்ணை மூடினாய்.

உன்னை அங்கேயே எரித்து, சாம்பலைத்தான் கொண்டுவந்தேன். குமாரபாளையம் பாலம் தாண்டிப் பவானி கூடுதுறையில் விட்டோம். எல்லோருக்கும் நோவு திடீரென்று கண்டது என்று சொல்லிவைத்தேன், நீ சொன்னபடி. சொந்தபந்தம் எல்லாம் உன் படிப்பைத்தான் திட்டியது. சின்னவள் அழுதழுது வீங்கிய முகத்தோடு, "என்ற கண்ணாலத்துக்கும் வரல. அவளுக்குப் பரிச்சைதான் பெருசு" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உனக்குக் கொடுத்த வாக்கு அமுக்கிவிட்டது.

காரியம் முடிந்து சனம் கலைந்த மத்தியானம், உன் அம்மா என்னை மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் கூப்பிட்டார். தவிட்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"சாமி, அவளுக்கு முடி எப்பக் கொட்டுச்சு?"

நான் தொட்டிக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.

"பட்டு எடுத்த அன்னைக்கே இல்லியா?"

"அத்தை..."

"நான் சீவி வளத்த தலைங்க அது. நெத்திக்கு மேல ஒரு சுழி. எந்தச் சீப்புப் போட்டாலும் அந்த எடத்துல வகிடு கோணிக்கும். பள்ளிக்கோடத்துக்கு நேரமாச்சுன்னு அந்தச் சுழிக்காக எத்தனை குட்டு வெச்சிருக்கறேன். அன்னைக்குப் போன்ல வகிடு கோடு போட்டாப்புல நின்னுச்சு. பக்கத்துத் தோட்டத்து ஆத்தாளுக்கு அந்த ஊசி போட்டதுக்குத் தொணைக்குப் போனவளுங்க நானு. எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்க பேசல?"

தொட்டித் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பேசுனா அழுதுருப்பேன். கண்ணால ஊட்டுல அழுதா ஏன்னு கேப்பாங்க. அவ எதுக்காக மறைச்சாளோ அது ஒண்ணுமில்லாமப் போயிரும். கோவம்னு நெனச்சுக்கட்டும், கோவம் பொறகு தீந்துரும்னு இருந்துட்டேன். ஆடி நோம்பிக்குச் சின்னவளும் மாப்ளையும் வந்துட்டுப் போகட்டும், போனதும் கூப்புட்டு ஆசை தீரப் பேசலாம்னு இருந்தேன் சாமி. நோம்பிக்கு மறுநாள் நீங்க கூப்டுட்டீங்க."

மாடு தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"கடசி வரைக்கும் கோவம்னேதான் நெனச்சாளா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவரும் திருப்பிக் கேட்கவில்லை. முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சின்னவளுக்கு இதைச் சொல்லிராதீங்க. தனக்காகத்தான் அக்கா வரலைன்னு தெரிஞ்சா, தாலியத் தொடறப்பெல்லாம் அழுவா. கோவமாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நீயும் இதையேதான் சொன்னாய், இதே வார்த்தையில் இல்லை, அவ்வளவுதான்.

புள்ள, இவ்வளவு கெட்டிக்காரியான உனக்கு, உன் அம்மாவுக்கும் மறைக்கத் தெரியும் என்று தெரியாமல் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நடுவில் நான் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

பட்டத்தை உன் பேருக்கே கொடுத்துவிட்டார்கள் என்று கைடம்மா போனில் சொன்னார். நீ எழுதி வைத்ததை அவரே சேர்த்து முடித்தாராம். நம்மூர்க் கோழிக்காரர்களுக்கு அது உபயோகப்படும் என்றார். நல்லது என்றேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "சரிங்க" என்றார். சின்னவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். வந்தால், உன் படத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறாள். அப்போது உன் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

மாட்டுக்கொட்டாயில் பேசிய மறுநாள் உன் அம்மா என்னிடம் இன்னொன்றும் கேட்டார். "போன்ல நான் கேட்டதெல்லாம் சாப்டியா, தூங்குனியா, குளுருதா, அவ்வளவுதான் சாமி. அங்க அவ எப்படி இருந்தா? ஏரோப்ளேன்ல எறங்குனதுலருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாதீங்க."

அன்றையில் இருந்து சொல்கிறேன். லோடு இறக்கிவிட்டு வந்த சாயங்காலங்களில் உன் வீட்டுக்குப் போவேன். காப்பி வரும். உன் அம்மா கடலையோ அவரையோ உரித்துக்கொண்டு உட்காருவார். நான் ஆரம்பிப்பேன். நீ டிபன் கட்டியது, பூட்ஸ் போட்டது, பஸ்ஸுக்கு ஓடியது. கேசரியைச் சொன்னபோது, "நெய் ஊத்துனீங்களா, எண்ணெயா?" என்று கேட்டார். அந்தச் சூடான அறையைச் சொன்னபோது உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப அவளுக்கு அங்க வேர்த்துச்சா?"

"நல்லா வேர்த்துச்சுங்க அத்தை. துண்டெடுத்துத் தொடச்சுக்குவா."

"அந்தக் குளுரு ஊர்ல எம்புள்ளைக்கு வேர்த்துதா" என்று சொல்லி, மறுபடி உரிக்க ஆரம்பித்தார். அன்றைக்குப் பூராவும் அவர் முகம் நன்றாக இருந்தது.

கதை இப்போது இரண்டாம் வருசம் ஆனி மாதத்தில் நிற்கிறது. நினைவிருக்கிறதா, அங்கே அந்த மாதத்தில் இரவுச் சாப்பாடு முடிந்தும் சூரியன் இறங்காது. பார்க்கில் புல்லின் மேல் துப்பட்டியை விரித்து, நீ கம்ப்யூட்டரில் எழுதுவாய், நான் பக்கத்தில் படுத்துக் கிடப்பேன். எழுதியதைத் தமிழில் எனக்குச் சொல்லிப் பார்ப்பாய். பாதியில் நான் தூங்கிவிடுவேன். "மாமா, நீங்க தூங்கறதப் பாத்தாத் தீசிஸ் நல்லா வந்திருக்குதுன்னு தெரியுது" என்று மூக்கைத் திருகி எழுப்புவாய். இதை உன் அம்மாவிடம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்து ஆடி, ஆவணி, புரட்டாசி, அப்புறம் குளிர், அப்புறம் அந்தத் தை. எனக்கு அந்தப் பக்கம் கால் எடுத்து வைக்க முடியவில்லை.

அதனால் சுற்றுகிறேன். பார்க்கில் இருந்த வாத்தைச் சொல்கிறேன். வாத்துக்கு ரொட்டி போட்ட கிழவரைச் சொல்கிறேன், அவர் நாய்க்குக் கால் நொண்டி என்பதைச் சொல்கிறேன். நேற்று ஏதோ வாய் தவறி, "அப்பறம் எலையெல்லாம் பழுக்க ஆரம்பிச்சுது" என்றுவிட்டேன். உன் அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். "இருங்க சாமி, என்ன அவசரம். அந்தப் புல்லு மேல உக்காந்தப்ப அவ என்ன சேலை கட்டியிருந்தா, அதைச் சொல்லவே இல்லியே" என்றார்.

சேலை இல்லைங்க அத்தை, மஞ்சள் சுடிதார் என்றேன். எங்கே வாங்கியது, என்ன துணி, கழுத்தில் பூவேலை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன்னை நாங்கள் இரண்டு பேரும் இன்னும் அந்த வெயில் காலத்தில்தான் வைத்திருக்கிறோம், புள்ள. அங்கே இன்னும் இருட்டவில்லை.